ஒரு பாக்கெட் ஊக்கு

மஞ்சக்குப்பம், கடலூர்
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி செம்பியன் எழுதுகிறேன். நானும் வினோதினியும் சுகம். மாமாவின் முதுகுவலி, அத்தையின் சர்க்கரை, கயல்விழியின் படிப்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று எழுது. உன் உடம்பைப் பற்றி நீயாக எழுத மாட்டாய். அதையும் எழுது.

கையில் போனை வைத்துக்கொண்டு இவன் ஏன் இன்லண்டு கவரில் எழுதுகிறான் என்று நினைப்பாய். சொல்கிறேன். முதலில் வியாழக்கிழமை சமாச்சாரம். வண்டிகேட் பக்கம் உன் வீட்டு வாசலில் நீ டம்ளரோடு நின்றதைப் பார்த்தேன். கையாட்டியதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி போனேன். அதற்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு.

பார்சல் கம்பெனியில் புது வண்டி கொடுத்தபோது கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கேமராவையும் மாட்டிக் கொடுத்தார்கள். ரோட்டைப் பார்க்க என்று நினைத்தேன். அது என் மூஞ்சியைப் பார்க்கிறது. தலை ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினால் கத்தும். கவனச் சிதறல் என்று கணக்கில் ஏற்றும். கொட்டாவி விட்டால் சோர்வு. போன வாரம் ஏதோ பாட்டு முணுமுணுத்தேன். வாய் திறந்து திறந்து மூடியதைப் பார்த்து அதையும் கொட்டாவி என்று எழுதிக்கொண்டது. அன்றிலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். பார்சல் இல்லாத இடத்தில் வண்டி நின்றால் ‘ஏன் நின்றாய்’ என்று கேள்வி வரும். பதில் சொல்ல நாலு காரணம் அவர்களே கொடுத்திருக்கிறார்கள்: டிராபிக், பஞ்சர், ரயில்வே கேட், விபத்து. அக்கா என்று ஒரு காரணம் அதில் இல்லை.

சாயங்காலம் குடிகாடு குடோனுக்குத் திரும்பினால் டிவியில் எல்லார் பெயரும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓடும். சூப்பர்வைசர் அருண்பாண்டியன் என்னைவிடச் சின்னவன், நல்ல பையன். “நான் இன்னாண்ணா பண்றது? எனக்கு மேல சென்னையில ஒருத்தரு, அவருக்கு மேல கம்ப்யூட்டரு” என்கிறான். தை வரைக்கும் பச்சையிலேயே இருந்தால் வேலை நிரந்தரம். வார லீவு உண்டு, ஆனால் லீவிலும் வருகிறவன் பெயர்தான் மேலே ஏறுகிறது. அதனால் லீவும் இல்லை.

கம்பெனி ஆப் என் சொந்தப் போனில்தான் இருக்கிறது. அது எதைக் கேட்கிறது, எதைப் பார்க்கிறது என்று குடோனில் ஒருத்தருக்கும் தெரியாது, ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசலாம் என்றால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிவிடுகிறேன். காலையில் லோடு ஏற்றும்போது மட்டும் சும்மா உட்காரலாம். அந்த நேரத்தை இன்னும் எந்த மெஷினும் எண்ண ஆரம்பிக்கவில்லை. அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இவ்வளவு ஏன் பயப்படுகிறேன் தெரியுமா? வினோதினி முழுகாமல் இருக்கிறாள். மாசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். வேறு யாருக்கும் இன்னும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதல் சேதி.

மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம். கயலுக்கு அன்பு.

உன் தம்பி,
செம்பியன்


வண்டிகேட், சிதம்பரம்
11.8.2025

அன்புத் தம்பி செம்பியனுக்கு,

அக்கா மலர்க்கொடியின் ஆசிகள். இங்கே எல்லாரும் நன்றாக இருக்கிறோம். மாமாவின் முதுகு அரிசி மில்லுக்குப் போகும்போது வலிக்கிறது, கறிக்கடைக்குப் போகும்போது வலிப்பதில்லை. எனக்கு ஒரு குறையும் இல்லை, எழுதிவிட்டேன், போதுமா?

உன்னைத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன். வினோதினி சேதியைப் படித்ததும் திட்டு மறந்துபோயிற்று. மகராசி, நல்லபடியாகப் பெற்றெடுக்கட்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்க விடாதே. மசக்கைக்கு நார்த்தங்காய் ஊறுகாய் கேட்டால் சொல், ஜாடி நிறைய இருக்கிறது.

அன்றைக்கு டம்ளரில் இருந்தது நீர்மோர். நீ போனதும் நானே குடித்தேன். அத்தை ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். “பொறந்த வீட்டு வண்டி ரோட்டோட போவுது, வாசலுக்கு வர வழி தெரியல போல” என்றார். மாமியார் என்பதற்காக அத்தைக்கு மனசு கெட்டது என்று சொல்ல மாட்டேன், நாக்கு மட்டும் மனசைவிட நாலடி முன்னால் நடக்கும். ஆனால் எனக்குச் சுருக்கென்றது. அப்பா அம்மா போய், மங்கலம்பேட்டை வீட்டையும் விற்றாயிற்று. எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால் அது இப்போது நாலு சக்கரத்தில் தினமும் என் வாசலைத் தாண்டிப் போகிறது. அத்தைக்கு வேளாவேளைக்கு ஊசி போட வேண்டியிருப்பதால் நானும் கடலூருக்குக் கிளம்பி வர முடியவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். உனக்கு அந்தப் பூசாரி கண்ணாடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். ஆனால் உன் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. பார்சல் இல்லாத இடத்தில்தானே நிற்கக்கூடாது? அப்படியென்றால் பார்சலை நான் உண்டாக்குகிறேன். கயலிடம் சொல்லி உங்கள் கம்பெனியில் வருகிற மாதிரி ஒரு பாக்கெட் ஊக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். தையல்காரி வீட்டில் ஊக்கு தேவையில்லை என்று எந்த மெஷின் சொல்லிவிடும், பார்க்கலாம்.

மோர் தயாராக இருக்கும்.

ஆசிகளுடன்,
அக்கா மலர்க்கொடி


மஞ்சக்குப்பம்
7.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் வணக்கம். வினோதினிக்கு வாந்தி குறைந்திருக்கிறது. ஊறுகாயைப் பார்த்ததும் வாங்கிக்கொண்டு உள்ளே போனவள் ஜாடியைக் காலி செய்துவிட்டுத்தான் ‘அண்ணி எப்படி இருக்காங்க’ என்று கேட்டாள்.

ஒரு பாக்கெட் ஊக்குக்கு அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் லோடில் உன் பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நல்லவேளை, வண்டிக்கு வெளியே நின்றுதான் சிரித்தேன். உன் வாசலில் முறைப்படி வண்டியை நிறுத்தி, முறைப்படி இறங்கி, “ஓடிபி சொல்லுங்க மேடம்” என்றேன். நீ சிரித்த சிரிப்பில் உனக்கு நம்பரே மறந்துபோயிற்று. ஒரு வீட்டுக்கு அவர்கள் கொடுக்கும் நேரம் கொஞ்சம்தான். அதற்குள் மோரும் குடித்து, வடையையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உன் முகத்தையும் நேராகப் பார்த்துவிட்டேன். நீ இளைத்திருக்கிறாய். தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரும் கத்தாத அந்த நேரம் எனக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது அக்கா.

பார்சலை வாசலில் வைத்துப் போட்டோ எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதில் உன் காலும் கொலுசும் விழுந்திருந்தது. வைத்துக்கொள்ளலாம் என்றால் அனுப்பியவுடன் என் போனிலிருந்து அது தானாகப் போய்விடுகிறது.

அடுத்தடுத்து நூல்கண்டு வந்தது, சாக்கட்டி வந்தது, இன்ச் டேப் வந்தது. இன்ச் டேப் உன்னிடம் மூன்று இருப்பது எனக்குத் தெரியும். மாதத்துக்கு ஒன்று போதும் அக்கா. நீ நினைக்கிற மாதிரி மெஷின் ஒன்றும் முட்டாள் இல்லை.

அத்தை “தண்ணி குடிச்சிட்டுப் போப்பா” என்று கூப்பிட்டதும் எனக்கு நிறைவாக இருந்தது. அவர்களுக்கு வணக்கம் சொல். மாமாவுக்கும்.

உன் தம்பி,
செம்பியன்


வண்டிகேட்
28.9.2025

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். ஆயுத பூசைக்குத் தையல் மெஷினைக் கழற்றி எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன், கடிதத்தில் எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள். தீபாவளிச் சட்டைகள் குவிந்து கிடக்கின்றன. உடம்பு சுகம்தான், நீ சொன்ன மாதிரி இளைக்கவில்லை, புடவை அப்படிக் காட்டியிருக்கும்.

மாதத்துக்கு ஒன்றாம். பெரிய மனுஷன் சொல்லிவிட்டான்! ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறேன், கேள். பொருளை வாங்கினால் நீ ஒரு தடவை வருகிறாய். ‘கலர் சரியில்லை’ என்று திருப்பிக் கொடுத்தால் எடுத்துப்போக இன்னொரு தடவை வருகிறாய். காசும் திரும்பி வந்துவிடுகிறது. பச்சை நூல், நீல நூல், லைனிங் துணி எல்லாம் இப்படித்தான் வந்து போயின. நீயும் புரிந்துகொண்டு சிரித்தபடி எடுத்துப் போனாய். எனக்குத் தெரியாதா?

அதோடு ஒவ்வொரு தடவையும் ஐந்து நட்சத்திரம் போடுகிறேன். ‘இந்தத் தம்பி மாதிரி ஒரு டிரைவர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இவரை நிரந்தரம் ஆக்குங்கள்’ என்று எழுதச் சொன்னேன். கயல் “போதும்மா, ஓவரா இருக்கு” என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரியும்? நாலு பேர் நல்லது சொன்னால்தானே மார்க் ஏறும். அந்த நாலு பேராகவும் நானே இருக்கிறேன்.

இப்போதெல்லாம் அத்தை காலையிலேயே “இன்னிக்கி இன்னா பார்சலு?” என்று கேட்கிறார். உனக்கு அதிரசம் பிடிக்கும் என்று பாகு பதம் அவரே பார்த்தார். போன வாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் “எங்க மருமவ தம்பி வாரத்துல ரெண்டு வாட்டி வந்து பாத்துட்டுப் போவான்” என்று சொன்னது என் காதில் விழுந்தது. பதினேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பெருமை. அந்த ஊக்குப் பாக்கெட்டை மட்டும் நான் திருப்பித் தரவில்லை, பிரிக்கவும் இல்லை.

வினோதினியைப் பார்த்துக்கொள்.

ஆசிகளுடன்,
அக்கா


மஞ்சக்குப்பம்
19.10.2025

அக்காவுக்கு,

வணக்கம். நாங்கள் சுகம். நாளைக்குத் தீபாவளி. எல்லாருக்கும் எங்கள் வாழ்த்துகள்.

வண்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது. கொஞ்ச நாளைக்கு எனக்குக் குடோன் உள்ளேயே வேலை. உங்கள் பக்கம் இளவரசு என்று வேறு பையன் வருவான். நீ இனிமேல் ஒன்றும் ஆர்டர் போட வேண்டாம். போனும் செய்ய வேண்டாம். வினோதினி போனிலும் வேண்டாம்.

கம்பெனியிலிருந்து யாராவது உனக்குப் போன் செய்தார்களா? ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

செம்பியன்


வண்டிகேட்
26.10.2025

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். தீபாவளி நன்றாகப் போயிற்று. நீ வருவாய் என்று எடுத்து வைத்த அதிரசத்தை எறும்பு கொண்டுபோயிற்று. வினோதினிக்கு ஐந்தாம் மாதம் ஆகிறதே, கால் வீக்கம் இருக்கிறதா?

நீ கேட்ட போன் போன வாரமே வந்தது. ஒரு பெண், நல்ல மரியாதையான குரல். “எங்க டிரைவர் செம்பியன் சர்வீஸ் எப்படி இருக்கு மேடம்? அவரு உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்று கேட்டாள். விடுவேனா? “தெரியாம என்னம்மா? எங்கூடப் பொறந்த தம்பி! நான் தூக்கி வளத்த புள்ள! அவனுக்கு நல்ல மார்க்கா போடும்மா” என்றேன். அவளும் “சரிங்க மேடம், ரொம்ப நன்றி” என்று வைத்தாள். தை மாதம் உனக்கு நிரந்தரம் உறுதி என்று அன்றைக்கே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டேன்.

ஆனால் உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. உன் கடிதம் மாதிரியே இல்லை. புதுப் பையன் வந்தான், கேட்டுக்கு வெளியிலேயே நின்றான், போனான். அத்தை டம்ளரோடு வந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். ஆர்டர் வேண்டாம், போன் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? என்னால் உனக்கு வெட்கமாக இருக்கிறதா? குடோனில் யாராவது கேலி செய்தார்களா? என்னவானாலும் எழுது.

ஆசிகளுடன்,
அக்கா


வண்டிகேட்
23.11.2025

தம்பி செம்பியா,

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே விடாத மழை. ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. இனி காரணம் கேட்க மாட்டேன், எனக்குத் தெரிந்துவிட்டது.

புதன்கிழமை பக்கத்து வீட்டுப் பார்சலோடு வந்த இளவரசு மழைக்கு எங்கள் வாசலில் ஒதுங்கினான். டீ கொடுத்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஊக்கு அக்கா நீங்கதானா? கோச்சுக்காதீங்க, ஒங்களாலதான் செம்பியண்ணன் வண்டிய புடுங்கிட்டாங்க” என்றான்.

எல்லாம் சொன்னான். ஒரே வீடு, ஒரே டிரைவர், வாங்குவதும் திருப்புவதும், மற்ற வீட்டைவிடக் கூடுதல் நேரம், ஒரே மாதிரி புகழ்ச்சி. ஆளை வைத்துக் கணக்கை ஏற்றும் திருட்டு என்று மெஷின் பிரித்து எடுத்திருக்கிறது. உன்னைக் கூப்பிட்டு உறவா என்று கேட்டிருக்கிறார்கள். “இல்ல, கஸ்டமர்தான்னு அண்ணன் சொல்லிச்சு. அப்புறம் ஒங்களுக்குப் போன் போட்டாங்க. நீங்க தம்பின்னு சொல்லிட்டீங்க” என்றான் பையன். நான் பெருமையாகச் சொன்ன வார்த்தை உன்னைப் பொய்யன் ஆக்கிவிட்டது. தேங்காய் வேறு உடைத்தேன்.

முதலில் என் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. தையல் மெஷின் பக்கமே போகவில்லை. அப்புறம் உன் மேல் வந்தது. அக்கா இல்லை என்று சொல்ல உனக்கு எப்படிடா வாய் வந்தது? அப்பா செத்தபோது கொள்ளிச் சட்டியோடு நின்ற உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றவள் யார்? இதை எழுதும்போதே அழுகை வருகிறது, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

இப்போது ஆத்திரம் போய்விட்டது, பயம்தான் இருக்கிறது. வேலை இருக்கிறதா, போய்விட்டதா? வினோதினிக்குத் தெரியுமா? என்னை வைதாவது நாலு வரி எழுது.

அக்கா


மஞ்சக்குப்பம்
2.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். வினோதினியும் வயிற்றுப் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். அவளுக்கு எல்லாம் தெரியும். “அண்ணிக்கு எழுதுங்க, எழுதுங்க” என்று தினமும் சொல்கிறாள். கவரை எடுத்து ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று எழுதுவேன். அதற்கு மேல் போகாது. இல்லை என்று சொன்ன வாயால் இந்த வார்த்தையை எப்படி எழுதுவது என்று இருக்கும். கிழித்துப் போட்டுவிடுவேன்.

அருண்பாண்டியன் ரூமில் கேட்டார்கள். சென்னை ஆள் போனில் இருந்தார். “சொந்தக்காரங்களுக்கு டெலிவரி பண்ணி நம்பர் ஏத்துறியா?” என்றார். யோசிக்க நேரம் இல்லை. நிரந்தரம் கண்ணுக்கு முன்னால் போயிற்று, முகம் தெரியாத பிள்ளை ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்தது. “கஸ்டமர்தான் சார், வேற பழக்கம் இல்ல” என்றேன். சொல்லும்போது நாக்கு தடுமாறவே இல்லை அக்கா, அதுதான் என்னை இத்தனை நாளாகத் தூங்கவிடாமல் செய்கிறது. வண்டி சர்வீசுக்குப் போகவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது, அதில் இளவரசு உட்கார்ந்திருக்கிறான். நான் மூட்டை அடுக்குகிறேன்.

நீ செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. திருப்பித் தர நீ வைத்திருந்த பெட்டியை எடுக்க வரும்போது நானும்தான் விசில் அடித்துக்கொண்டு வந்தேன்.

வேலை இன்னும் போகவில்லை, தொங்கலில் இருக்கிறது. நம் இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகவில்லை என்பதால் மாதக் கடைசிக்குள் உனக்கு இன்னொரு தடவை போன் வரும். “அவுங்க ஏதோ பேச்சுவாக்குல சொல்லியிருப்பாங்க, திரும்ப கேளுங்க சார்னு சென்னையில சொல்லியிருக்கேண்ணா. ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா பைல மூடிடுவாங்க” என்று அருண்பாண்டியன் ரகசியமாகச் சொன்னான். அவனுக்கு உண்மை தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் நீ மாற்றிச் சொல்ல வேண்டாம். இந்த வீட்டில் ஒருத்தன் உறவில்லை என்று சொன்னது போதும். உள்ளதைச் சொல். வேலை போனால் வேறு வண்டி கிடைக்கும்.

உன் தம்பி,
செம்பியன்


வண்டிகேட்
14.12.2025

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆயிரம் ஆசிகள். உன் கடிதம் வந்த அன்றைக்குத்தான் இந்த வீட்டில் ஒழுங்காகச் சோறு பொங்கினேன். பிள்ளைத்தாய்ச்சியைக் கவனித்துக்கொள். இன்னொரு ஜாடி ஊறுகாய் தபாலில் வரும்.

போன் வியாழக்கிழமை வந்தது. அதே பெண். நீ சொன்ன மாதிரி செய்யலாம் என்றுதான் போனை எடுத்தேன். அவள் உன் பெயரைச் சொன்னதும் அந்த முகம் தெரியாத பிள்ளை எனக்கும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது.

“போன தடவ உங்க தம்பின்னு சொன்னீங்களே மேடம்?”

“அது சும்மா சொன்னதும்மா. நல்ல புள்ள, நாலு மார்க் கூட கெடைக்கட்டுமேன்னு சொல்லிட்டேன்.”

“அப்ப அவரு உங்க பிரதர் இல்லையா?”

“இல்லம்மா. எங்கூடப் பொறந்தவங்க யாரும் கெடையாது.”

“நன்றி மேடம்” என்று வைத்துவிட்டாள். அவளுக்கு எதிரிலும் ஒரு கேமரா இருக்குமோ என்னவோ, குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை.

திரும்பினால் அத்தை நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னா வார்த்தடி இது? இருக்கிற புள்ளய இல்லன்னு சொல்லுவாங்களா?” என்று கத்தினார். நான் உட்கார்ந்து அழுதேன், விஷயத்தைச் சொன்னேன். அத்தை உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்து வந்தார். என் கல்யாண போட்டோவில் நீ அரை டிராயரோடு ஓரமாக நிற்கிறாய் அல்லவா, உன் தலையைச் சுற்றி மூன்று தடவை சுற்றி, என்னையும் துப்பச் சொல்லி, கொட்டாங்கச்சி நெருப்பில் போட்டார். மிளகாய் நெடியே அடிக்கவில்லை. “பாத்தியா? வண்டியில இருக்கிற அந்தப் பொட்டிக் கண்ணு அவ்ளோ பொல்லாத கண்ணு” என்றார்.

உன் பேச்சை மீறியதற்கு என்னை மன்னிக்க வேண்டாம். நீ ஒரு தடவை சொன்னாய், நானும் ஒரு தடவை சொன்னேன். இரண்டு பேரும் சரிக்குச் சரி. இனி இதை நினைத்து நீ தூக்கம் கெடக்கூடாது. இது அக்காவின் உத்தரவு.

ஆசிகளுடன்,
மலர்க்கொடி


மஞ்சக்குப்பம்
4.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பியின் வணக்கம். புது வருஷம் உங்கள் எல்லாருக்கும் நன்றாக அமையட்டும். வினோதினிக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. பிள்ளை உதைப்பது அவளுக்குக் கஷ்டமாக இருக்கிறது, பார்க்கிற எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

வண்டி திரும்பக் கிடைத்துவிட்டது. பைல் மூடியாயிற்று. தை கடைசியில் நிரந்தரம் செய்வார்கள் என்று அருண்பாண்டியன் சொல்கிறான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன். அதையும் வண்டிக்கு வெளியேதான்.

ஒரு நிபந்தனை இருக்கிறது. உன் வீட்டு முகவரியை என் லிஸ்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். உன் வாசல் வழியாகப் போகலாம், நிற்கக்கூடாது. பொங்கல் ஆபர் கூட்டம் என்பதால் லீவும் கிடையாது. இந்த வருஷம் வரிசை எடுத்து வர முடியாது அக்கா. நிரந்தரம் ஆனதும் ஒரு நாள் லீவு போட்டு, மஞ்சள் கொத்தும் கரும்புமாக வருகிறேன். பொங்கல் கழித்து வந்தாலும் வரிசை வரிசைதான் என்று அத்தையிடம் சொல்.

அதுவரைக்கும் ஒரு வழி. இந்த வண்டியில் பிரேக்குக்குக் கணக்கு உண்டு, ஹாரனுக்கு உண்டு, பெல்ட்டுக்கும் கதவுக்கும் உண்டு, என் கண்ணுக்கும் வாய்க்கும் உண்டு. கண்ணாடி துடைக்கிற வைப்பருக்கு மட்டும் இல்லை. இளவரசு நல்ல வெயிலில் போட்டுப் போட்டுப் பார்த்தான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அதனால் இனிமேல் மழையில்லாத நாளில் உங்கள் வாசலைத் தாண்டும் வண்டியில் வைப்பர் இரண்டு தடவை ஆடினால் அது நான்தான். தலையைத் திருப்ப மாட்டேன். ஆனால் நீ நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

எல்லாருக்கும் என் பொங்கல் வாழ்த்துகள்.

உன் தம்பி,
செம்பியன்


வண்டிகேட்
17.1.2026

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். பொங்கல் நன்றாகப் பொங்கியது, கிழக்குப் பக்கம் வழிந்தது. மாமா சுகம், கயல் சுகம், நான் சுகம். வினோதினியிடம் பிரசவத்துக்கு நான் வருகிறேன் என்று சொல். “பத்து நாளைக்கி என் ஊசிய நானே போட்டுக்குவேன், நீ போ” என்று அத்தையே சொல்லிவிட்டார்.

முதல் நாள் வெயிலில் உன் வைப்பர் ஆடியபோது அத்தை கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். “யாரு இவன், வெயில்ல தண்ணி தள்ளிக்கினு போறான்” என்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முகத்தைப் பார்த்தார், வண்டி போன பக்கம் பார்த்தார். மறுநாள் அந்த நேரத்துக்கு நாற்காலியை அவரே தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். வைப்பர் ஆடியதும் “போறான் பாரு” என்றார். வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொங்கலன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. நீ வரும் நேரத்துக்கு இரண்டு பேரும் ஒரே குடையில் வாசலில் நின்றோம். ரோட்டில் போன எல்லா வண்டியிலும் வைப்பர் ஓடியது. பஸ்ஸில் ஓடியது, லாரியில் ஓடியது, உங்கள் கம்பெனி வண்டிகளே ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, எல்லாம் ஒரே நிறம், கண்ணாடியெல்லாம் மழைத் தண்ணீர். எதில் நீ இருக்கிறாய் என்று தெரியவில்லை.

அதனால் எல்லா வண்டிக்கும் கையாட்டினோம்.

ஆசிகளுடன்,
உன் கூடப் பிறந்த அக்கா,
மலர்க்கொடி